கொலைகாரன் பெயர் தெரிந்த பிறகு

கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை, தென்சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் மதியக் காட்சிக்கு நின்றுகொண்டிருந்தோம். காலைக் காட்சி முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் ஒருத்தன் எங்கள் வரிசையைப் பார்த்தான். கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு கொலைகாரன் யாரென்று உரக்கக் கத்திவிட்டு ஓடினான். எங்களில் இரண்டு பேர் அவனை பஸ் ஸ்டாப் வரைக்கும் துரத்தினார்கள். டிக்கெட்டை விற்றுவிடலாமா என்றுகூடப் பேசினோம். கடைசியில் உள்ளே போய் உட்கார்ந்தோம். இரண்டரை மணி நேரம் பக்கத்துச் சீட்டுக்காரன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கொலையாளி முதல் காட்சியில் சிரித்துக்கொண்டே வந்தபோது எங்கள் வரிசை மட்டும் சிரிக்கவில்லை. யாருக்கும் தெரியாதது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் படத்தை அன்றைக்கு அந்தத் தியேட்டரில் மிக நன்றாகப் பார்த்தவர்கள் நாங்கள்தான் என்று பின்னாளில் பலமுறை தோன்றியிருக்கிறது.

தமிழில் 'சஸ்பென்ஸ்' என்ற சொல்லை நாம் ஒரு மாதிரி திருப்பிப் போட்டு வைத்திருக்கிறோம். "என்ன வாங்கியிருக்கேன்னு சொல்ல மாட்டேன், சஸ்பென்ஸ்" என்கிறோம். "சஸ்பென்ஸை உடைச்சிட்டியே" என்று திட்டுகிறோம். நமக்கு அது ரகசியம். ஒளித்து வைத்த பொருள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது தொங்குவது, அந்தரத்தில் நிற்பது. ஹிட்ச்காக் 1962இல் த்ரூஃபோவிடம் பேசிய நீண்ட உரையாடலில் (அது 1966இல் புத்தகமாக வந்தது) இந்த வித்தியாசத்தை மேஜைக்கு அடியில் வைத்த வெடிகுண்டை வைத்து விளக்கினார். நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்வையாளருக்குச் சில நொடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே இருப்பதைப் பார்வையாளருக்கு முன்னாலேயே காட்டிவிட்டால் அந்த நாலு பேரின் வெட்டிப்பேச்சு முழுவதும் சஸ்பென்ஸ். முதலாவது நமக்குத் தெரியாததில் பிறக்கிறது, இரண்டாவது தெரிந்ததில்.

சினிமா படிப்பில் முதல் வாரத்திலேயே சொல்லித் தந்துவிடும் பாடம் இது. எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் படுவது வேறு. இந்த இரண்டு வழியையும், முதலில் ஒன்று, பத்து வருஷம் கழித்து இன்னொன்று என்று, சென்னையில் ஒரே ஆள் சோதித்துப் பார்த்திருக்கிறார். அவர் சினிமாக்காரர் என்று இன்றைக்குப் பல பேருக்குத் தெரியாது. மார்கழிக் கச்சேரிகளுக்குப் போகிறவர்களுக்கு அவர் வீணை எஸ்.பாலசந்தர்.

*

1927இல் பிறந்தவர். அப்பா வி.சுந்தரம் ஐயரின் வீடு மயிலாப்பூரில் பாட்டுக்காரர்களும் நாடகக்காரர்களும் வந்து போகிற வீடு. 1934இல் பிரபாத் கம்பெனி 'சீதா கல்யாணம்' எடுத்தபோது அந்தக் குடும்பமே ரயிலேறிப் போய் நடித்தது. அண்ணன் எஸ்.ராஜம் ராமர், அக்கா ஜெயலக்ஷ்மி சீதை, அப்பா ஜனகர். ஏழு வயது பாலசந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கிற பொடியன். (சொந்த அண்ணனும் தங்கையும் ராமரும் சீதையுமாக நடித்ததற்கு ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறெங்கோ போய்விடும்.) வீணையை குரு இல்லாமல் தானே கற்றுக்கொண்டவர். நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர், சதுரங்க வெறியர். 1982இல் பத்மபூஷண். எண்பதுகளில் சுவாதித் திருநாள் பெயரில் பாடப்படும் கீர்த்தனைகள் உண்மையில் அவருடையவையா என்று ஒற்றை ஆளாக ஒரு விசாரணை நடத்தி சங்கீத உலகத்தையே கதிகலங்க வைத்தவர். கடைசிவரை துப்பறிகிற ஆசை விடவில்லை.

இப்படி உச்சந்தலை வரை சங்கீதத்தில் ஊறிய ஒரு மயிலாப்பூர்க்காரர்தான் தமிழின் முதல் பாட்டில்லாத படத்தை எடுத்தார். 'அந்த நாள்', ஏவி.எம். தயாரிப்பு, 1954 ஏப்ரல் 13. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. முப்பது நாற்பது பாட்டுகள் உள்ள பேசும்படங்களில் பிறந்து வளர்ந்த ஒரு தொழில் அது. அந்தத் தொழிலுக்குள் இருந்துகொண்டு இதைச் செய்தார். கதை வசனம் ஜாவர் சீதாராமன், துப்பறிகிற சி.ஐ.டி. அதிகாரியாக நடித்தவரும் அவரே. எஸ்.மாருதிராவின் ஒளிப்பதிவில் முகங்கள் பாதி இருட்டில் இருக்கும். இப்போது பார்த்தாலும் அந்த வெளிச்சம் எழுபது வருஷப் பழசாகத் தெரியாது.

படம் ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் ஆரம்பிக்கிறது. ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் தன் வீட்டில் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். தம்பி, தம்பி மனைவி, எதிர்வீட்டுக்காரர், காதலி, மனைவி என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் இறந்தவன் வேறு வேறு ஆளாகத் தெரிகிறான். குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) சாயல் என்று எல்லோரும் சொல்வார்கள். அதே வருஷம் வந்த 'தி வுமன் இன் குவெஸ்சன்' என்ற பிரிட்டிஷ் படத்தின் சாயல்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் 'ரஷோமோன்' கடைசிவரை உண்மை இதுதான் என்று அடித்துச் சொல்லாது. 'அந்த நாள்' சொல்லும். தமிழ்ப் படத்துக்குத் தீர்ப்பு வேண்டும்.

படம் வந்தபோது எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதற்கு அன்றிலிருந்து இன்றுவரை ஒரே பதில்தான்: பாட்டு இல்லை, நம்ம ஜனங்களுக்குப் பாட்டு வேணும். அடுத்த பல வருஷங்களுக்கு, பாட்டு வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு இளம் இயக்குநரிடமும் யாராவது ஒரு தயாரிப்பாளர் 'அந்த நாள்' கதையைச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. ஜனங்களை இவ்வளவு மலிவாக எடைபோடுவது எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். என் பாட்டி இன்னொரு காரணம்.

*

பாட்டி மயிலாப்பூரில் பிறந்தவள். 1942 ஏப்ரலில் அவளுக்கு எட்டு வயது. ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அரசாங்கமே, அவசியமில்லாதவர்கள் கிளம்பிவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டுத் தன் அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிச் சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று பயந்து சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பாட்டி வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு படுக்கைச் சுருட்டு, ஒரு குத்துவிளக்கு ஆகியவற்றோடு கும்பகோணம் பக்கம் போனார்கள். மாடவீதியில் வரிசையாகப் பூட்டின வீடுகள், யாரும் எடுக்காமல் திண்ணையில் காய்ந்து கிடந்த பூச்சரம். இதுதான் அவள் சொல்கிற மெட்ராஸ்.

அந்த வருஷம் குண்டு விழவில்லை. ஊர் மெல்லத் திரும்பி வந்தது. பிறகு 1943 அக்டோபர் 11 இரவு, எல்லோரும் அதை மறக்க ஆரம்பித்திருந்த நேரத்தில், ஒரே ஒரு ஜப்பான் விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. பெரிய சேதமில்லை. ஆனால் கடலில் இருந்து ஆபத்து வரும் என்பது இந்த ஊருக்கு இரண்டாம் முறை ருசுவானது. முதல் முறை 1914இல், எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டுவிட்டுப் போனபோது. அந்தக் கப்பல் நம்ம பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று பாட்டி இன்னும் சொல்கிறாள்.

'அந்த நாள்' என்ற தலைப்பு குறிக்கிற நாள் இந்த அக்டோபர் 11தான். குண்டு விழுந்ததற்கு அடுத்துதான் ராஜன் கொல்லப்படுகிறான். 1954இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த மெட்ராஸ்காரர் ஒவ்வொருவருக்கும் அந்தத் தேதியில் தான் எங்கே இருந்தோம் என்று ஞாபகம் இருந்திருக்கும். நாம் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது இதைத் தவற விட்டுவிடுகிறோம். நமக்கு அது சரித்திரப் படம். அவர்களுக்கு அது பதினோரு வருஷம் முந்தைய சொந்த பயம். நமக்கு 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி. சைதாப்பேட்டை பாலத்தைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு போன அந்த ராத்திரியில் நடக்கும் ஒரு கொலைக் கதையை இன்று யாராவது எடுத்தால், மழைச் சத்தம் கேட்டதுமே அடையாறில் இருக்கிறவர்கள் சீட்டில் நிமிர்ந்து உட்காருவார்கள். கொலை எல்லாம் பிறகுதான்.

பாட்டி அந்தப் படத்தை மவுண்ட் ரோடில் ஏதோ ஒரு தியேட்டரில், கல்யாணமான புதிதில் மாமியாரோடு பார்த்திருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன்னால் என் லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது கேட்டேன்: "பாட்டு இல்லேன்னு அப்போ யாராவது சத்தம் போட்டாளா பாட்டி?"

"பாட்டா? அதெல்லாம் யாருக்குடா ஞாபகம். எங்க மாமியார்தான் வெளில வந்ததும் ஒரு வார்த்தை பேசலை. ஆத்துக்கு வந்து காப்பி போட்டப்புறம்தான் சொன்னா, என்ன இருந்தாலும் கட்டினவளே சுடலாமோன்னு."

இந்தக் கட்டுரையில் முடிச்சை அவிழ்த்துவிட்டேன் என்று யாராவது கோபித்துக்கொண்டால், எழுபது வருஷம் அவகாசம் கொடுத்தாயிற்று என்பதுதான் என் பதில். ஆமாம், மனைவி உஷா, பண்டரிபாய், அவள்தான் சுட்டாள். தன் கண்டுபிடிப்புக்கு இங்கே மதிப்பில்லை என்ற கசப்பில் ராஜன் ஜப்பான்காரனுக்கு உளவு சொல்கிறவனாக மாறியிருந்தான். தேசத்தை நேசித்த மனைவி அதைக் கண்டுபிடித்தாள். (வேலையில் அங்கீகாரம் கிடைக்காத ஒரு என்ஜினீயர் எங்கே வரைக்கும் போவான் என்பதற்கு தமிழ் சினிமாவில் இதைவிடப் பழைய எச்சரிக்கை எனக்குத் தெரிந்து இல்லை.)

*

இப்போது 1954இன் பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மார்ச் 3ஆம் தேதி 'மனோகரா' வெளிவந்திருக்கிறது. சங்கிலியில் கட்டுண்ட சிவாஜி தர்பாரில் பேசிய வசனத்தை ஊரே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆறு வாரத்தில் சித்திரை வருஷப் பிறப்புக்கு இன்னொரு சிவாஜி படம். உள்ளே போனால் சிவாஜி பிணமாகக் கிடக்கிறார். சரி, பிளாஷ்பேக்கில் வருவார் என்று காத்திருந்தால், ஒவ்வொரு பிளாஷ்பேக்கிலும் இன்னும் கொஞ்சம் கெட்டவராகிறார். கடைசியில் தேசத்துரோகி. அதே ஏப்ரல் 13இல், சிவாஜி நடித்த 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி'யும் வெளியானது. சிரிப்பும் பாட்டும் உள்ள படம். அந்தத் தெருவில் வேண்டாம் என்றால் இந்தத் தெருவில் சிவாஜி கிடைப்பார்.

ராஜன் பாத்திரத்துக்கு முதலில் சிவாஜி இல்லை. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என்.விஸ்வநாதனை வைத்துப் படப்பிடிப்பே நடந்தது. மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி இல்லாமல் சிவாஜியைக் கொண்டுவந்தார்கள். வியாபாரக் கணக்கில் சரியான முடிவு. நடிப்பிலும் சரியான முடிவு, சிவாஜி இதில் பிரமாதம். ஆனால் அந்த முடிவு படத்தை வேறொரு படமாக்கிவிட்டது. பெயர் தெரியாத ஒருவர் செத்துக் கிடந்தால் அது பிணம், யார் கொன்றது என்று நிம்மதியாக யோசிக்கலாம். சிவாஜி செத்துக் கிடந்தால் அது இழப்பு. பார்வையாளர் அவருக்காக வருந்தவும் தயாராக வந்திருக்கிறார், பயப்படவும் தயாராக வந்திருக்கிறார். படமோ இரண்டுக்கும் இடம் தரவில்லை. செத்தவனுக்காக இனி என்ன பயப்படுவது? சந்தேகப்படுகிற ஐந்து பேரில் யாருக்காகப் பயப்படுவது? யாருக்காகவாவது பயந்துவிட்டால் அவரே கொலையாளி என்று தெரியவந்துவிடுமோ என்று மனசை எல்லோரிடமிருந்தும் சமதூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆபீஸில் சர்வர் ராத்திரி விழுந்தால் மறுநாள் ஒரு அறிக்கை எழுதுவோம்: எத்தனை மணிக்கு விழுந்தது, எதனால், யார் செய்த மாற்றம். அதைப் படித்து யாருக்கும் இதுவரை இதயம் படபடத்ததில்லை. அதே சர்வர் விழுவதற்கு முந்தைய இருபது நிமிஷம், டாஷ்போர்டில் சிவப்புக் கோடு மெல்ல மேலேறுவதை அகால வேளையில் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. 'அந்த நாள்' மிக நேர்த்தியாக எழுதப்பட்ட விபத்தறிக்கை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு மிகப் பிடித்த தமிழ்ப் படங்களில் ஒன்று அது. பார்வையாளரிடம் அது கேட்டது மூளையை மட்டும் என்கிறேன். அவர்கள் கையில் வேறு சிலதும் கொண்டு வந்திருந்தார்கள்.

மாமியாரின் அந்த ஒரு வரியை நான் பல நாள் பிற்போக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உஷாவின் கையில் துப்பாக்கி வந்த பிறகு நமக்குத் தெரிகிறது, இவள் எப்பேர்ப்பட்ட நெருக்கடியில் இருந்திருக்கிறாள் என்று. காதலித்துக் கட்டிக்கொண்டவன், தாலி, தேசம். அந்த நெருக்கடி படம் முழுக்க அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நமக்குத்தான் காட்டவில்லை, ரகசியம் உடைந்துவிடும் என்பதால். அவள் கணவனைச் சந்தேகிக்க ஆரம்பித்த நாளிலிருந்து நம்மையும் அவளோடு அந்த வீட்டுக்குள் நடமாட விட்டிருந்தால் அந்த மாமியாரும் வெளியே வந்து "பாவம், அவ வேற என்ன பண்ணுவா" என்று சொல்லியிருக்கலாம். முடிவு கடைசி ரீலில் வந்ததால் அவருக்குத் தீர்ப்பு சொல்ல மட்டும்தான் நேரம் இருந்தது.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு மெட்ராஸிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1952 ஆகஸ்டில் இலங்கை போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. அடுத்த வருஷம் ஹைகோர்ட்டில் விசாரணை நடந்தபோது யார் குற்றம்சாட்டப்பட்டவர்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்: ஒரு கணவனும் மனைவியும். மர்மம் என்று எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் பத்திரிகையை விடாமல் படித்தார்கள், கோர்ட்டில் கூட்டம் முண்டியது. இறந்தவர் அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்தவர் என்ற செய்தி வெளிவந்ததும் ஊரின் அனுதாபம் அந்தத் தம்பதி பக்கம் சாய்ந்தது. 'அந்த நாள்' வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், இதே ஊர், இதே ஜனங்கள். ஒரு கொலையில் கைநனைத்த மனைவிக்கு என்ன ஆகுமோ என்று அவர்கள் தவிப்போடு காத்திருந்தார்கள்.

*

தேசிய விருதுகளில் அந்த வருஷத்துத் தமிழ்ப் படத்துக்கான வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ளன்' படத்துக்குப் போனது. 'அந்த நாள்' நற்சான்றிதழோடு நின்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேடிக்கையாக இருக்கும். 'மலைக்கள்ளன்' கதையின் முடிச்சும் ஒரு அடையாள மர்மம்தான்: யார் அந்தக் கள்ளன்? ஆனால் எம்.ஜி.ஆர். தாடி வைத்துக்கொண்டு வியாபாரியாக வந்து உட்கார்ந்ததுமே தரை டிக்கெட்டுக்குக் கூட விஷயம் தெரியும். தெரியாதது படத்தில் இருக்கிற போலீஸ் இன்ஸ்பெக்டருக்குத்தான். இன்ஸ்பெக்டர் கள்ளனிடமே போய் கள்ளனைப் பற்றிப் பேசும்போது தியேட்டர் குலுங்கும். 1950இல் வந்த 'திகம்பர சாமியார்' படத்தில் எம்.என்.நம்பியார் மாறுவேஷமாகப் போட்டுத் தள்ளியதும் இதே சுகம்தான். வேஷத்துக்குள் யார் என்று நமக்குத் தெரியும். எதிரிக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் கவலை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைப் படித்துவிட்டு வந்தவர்களுக்குக் கதை முழுவதுமே தெரியும், அவர்களும் வந்தார்கள்.

பாலசந்தருக்கு இது புரிந்ததா, புரிந்து மாறினாரா, அல்லது அவருடைய சதுரங்க மூளைக்கு அடுத்த ஆட்டம் தேவைப்பட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. 1964இல் அவர் எடுத்த 'பொம்மை'யைப் பார்த்தால் முதல் படத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கும். சிங்கப்பூர் கிளம்புகிற தொழில் கூட்டாளியை ஒழித்துக்கட்ட ஒரு கூட்டம் திட்டம் போடுகிறது. அவரிடம் ஒரு பேசும் பொம்மையைக் கொடுத்தனுப்புகிறார்கள். உள்ளே வெடிகுண்டு. யார் வைத்தது, ஏன் வைத்தது, எங்கே இருக்கிறது, எல்லாம் நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும். சதிகாரராக நடிப்பவரே பாலசந்தர்தான். பிறகு அந்தப் பொம்மை கைதவறி ஊருக்குள் போய்விடுகிறது. கைமாறிக் கைமாறி, ஒன்றும் தெரியாத மனிதர்களிடம். அவ்வளவுதான் படம். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை, தேவையும் இல்லை. பொம்மையை யார் கையில் எடுக்கிறாரோ அவருக்காக நாம் பயப்படுகிறோம். ரகசியத்தை முழுக்க நம்மிடம் ஒப்படைத்துவிட்டு, சொல்ல முடியாமல் தவிக்க வைக்கிறார்.

ஹிட்ச்காக்கே 1936இல் 'சபோடாஜ்' படத்தில் இதைச் செய்திருந்தார். குண்டு இருக்கிற பொட்டலத்தோடு ஒரு சிறுவன் லண்டன் பஸ்ஸில் போகிறான். கடைசியில் குண்டை வெடிக்க விட்டார். பையன் சாகிறான். பார்வையாளர்கள் கோபப்பட்டார்கள், அது தப்புதான் என்று த்ரூஃபோவிடம் அவரே ஒப்புக்கொண்டார். 'பொம்மை'யில் என்ன ஆகிறது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் பாட்டி காரணம், பின்னால் வருகிறேன்.

'பொம்மை'யில் பாட்டு இருக்கிறது. ஜேசுதாஸின் குரல் தமிழுக்கு வந்தது அந்தப் படத்தில்தான். அந்தப் பாட்டைப் பாட்டு வேண்டும் என்பதற்காக வைத்த சமரசம் என்று நான் நினைக்கவில்லை. குண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பாட்டுப் பாடினால் அது ஹிட்ச்காக் சொன்ன மேஜைப் பேச்சு மாதிரி. நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்று இருக்கும். சங்கீதக்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா? படம் முடிந்ததும் பாலசந்தர் திரையில் தோன்றி நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் ஒவ்வொருவராக நமக்கு அறிமுகம் செய்கிறார். கச்சேரி முடிவில் மிருதங்கம் யார், கடம் யார் என்று சொல்கிற மாதிரி. இவ்வளவு நேரம் உங்களைப் பயமுறுத்தியது இவர்கள்தான், ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்கிற மாதிரியும்.

அதே 1964இல் சிவாஜி தன் சொந்தக் கம்பெனியில் 'புதிய பறவை' எடுத்தார். ஆங்கிலத்தில் வந்து, வங்காளத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்த கதை. இதிலும் சிவாஜிதான் குற்றவாளி. இம்முறை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏனென்றால் படம் முழுக்க நாம் அவரோடு இருக்கிறோம். அவருடைய நிம்மதியைக் கெடுக்க யாரோ வந்துவிட்டார்கள் என்று அவருக்காகப் பயப்படுகிறோம். உண்மை தெரியும்போது அதிர்ச்சியைவிட அழுகைதான் வருகிறது. பாட்டெல்லாம் இன்றும் ஊரில் ஓடுகிறது. முடிவு என்ன என்று தெரியாத தமிழன் அநேகமாக இல்லை. டி.வி.யில் போட்டால் இன்னும் சேனல் மாற்றாமல் பார்க்கிறார்கள்.

அதற்கப்புறம் வந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) கமல்தான் கொலையாளி என்பதை ஒளிக்கவே இல்லை. ஸ்ரீதேவிக்கு எப்போது தெரியும் என்பதுதான் படம். 'மூடுபனி' (1980) அப்படியே. அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' (1986) பார்த்தவர்களிடம் வில்லனின் திட்டம் என்ன என்று கேட்டால் யோசிப்பார்கள். அந்தக் கிழவியைப் பற்றிக் கேட்டால் உடனே நடித்துக் காட்டுவார்கள். பாலசந்தர் மட்டும் மறுபடி ரகசியத்துக்கே திரும்பினார். 'நடு இரவில்' (1970), ஒரு பங்களா, வரிசையாகக் கொலைகள், அகதா கிறிஸ்டி பாணி. அத்தோடு சினிமாவை விட்டுவிட்டு வீணைக்குப் போய்விட்டார். 1990இல் பிலாயில் காலமானார். தேதி ஏப்ரல் 13, 'அந்த நாள்' வெளியான அதே தேதி. அவர் கதையில் இப்படி ஒரு தடயத்தை வைத்தால் ஜாவர் சீதாராமன் கொஞ்சம் அதிகம் என்று அடித்திருப்பார்.

பாலசந்தர் 1951இல் 'கைதி' என்று ஒரு படம் இயக்கியிருக்கிறார். 2019 தீபாவளிக்கு அதே பெயரில் லோகேஷ் கனகராஜ் படம் வந்தது. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. எதிரில் 'பிகில்'. 'அந்த நாள்' கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிற தயாரிப்பாளர் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார். படம் பெரிய வெற்றி. தி.நகரில் வேலை செய்த என் நண்பன் அதை மூன்று முறை பார்த்தான். மூன்றாம் முறையும் அவன் காத்திருந்தது சண்டைக்காக இல்லை. பத்து வருஷம் ஜெயிலில் இருந்த ஒருத்தன் பார்த்தே இராத தன் பெண்ணை விடிவதற்குள் பார்த்துவிட வேண்டும், அதற்காக. பார்ப்பான் என்று அவனுக்குத் தெரியும். 'பாபநாச'த்தில் (2015) பிணம் எங்கே என்ற ஒன்றைத் தவிர எல்லாமே நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, போலீஸிடம் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நாமும் பொய் சொல்கிறோம்.

ரகசியத்தை ஒளிக்கிற படங்கள் வேண்டாம் என்றில்லை. 'துருவங்கள் பதினாறு' (2016) எனக்குப் பிடித்தது. லண்டனில் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952இல் ஆரம்பித்தது. கொலையாளி யாரென்று வெளியே சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சி முடிவிலும் கேட்டுக்கொள்வார்கள். இப்போது போனில் தட்டினால் அரை நொடியில் பெயர் கிடைத்துவிடும். ஆனாலும் டிக்கெட் விற்கிறது. அந்தப் பெயருக்காகத்தான் போகிறார்கள் என்று அதைக் கேட்டபிறகும் என்னால் நம்ப முடியவில்லை.

'அந்த நாள்' பிறகு மெல்ல ஜெயித்தது. விருது வந்த பிறகு மறுபடி திரையிட்டபோது வரவேற்பு கூடியது என்று எழுதியிருக்கிறார்கள். அப்போது வந்தவர்களுக்கு, பாட்டு இல்லை என்று தெரியும், சிவாஜி கெட்டவர் என்று தெரியும், அநேகமாக யார் சுட்டது என்றும் தெரிந்திருக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அது வேறு படம். பண்டரிபாய் விசாரணையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அவர் கையைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். இயக்குநர் ஒளித்து வைத்த அந்தத் தவிப்பு அங்கேயே இருந்திருக்கிறது. நான் அந்தப் படத்தை ஆறு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பார்த்தது கணக்கில் வராது என்றுதான் தோன்றுகிறது.

பாட்டிக்கு அன்று லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது, குண்டு விழுந்த செய்தி வரும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்காத்துல ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தா. எங்கப்பா ஒரு ஓரத்துல மட்டும் ஒட்டாம விட்டுட்டார், காத்து வரட்டும்னு. நான் ராத்திரி பூரா அந்த ஓரத்தையே பார்த்துண்டிருப்பேன்" என்றாள். கொலையாளி யார் என்று எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் 'பொம்மை' போட்டேன். பாதிப் படத்தில் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பொம்மை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போதெல்லாம் "ஐயோ, வாங்காதடி", "அங்க வைக்காதடா பாவி" என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அம்மா சமையலறையிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். "நீ உட்கார், அதுக்குள்ள குண்டு இருக்கு" என்று அம்மாவுக்கும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கத்தியது இரண்டு பேர்.